விடை கொடுத்த மகனும் விடை கேட்ட மகனும்

சங்க மலர்களில் கம்பனும் இளங்கோவும் பாரதியும் ஆண்டுதோறும் தவறாது எழுந்தருளுவது வழக்கம். அப்பெருமக்களை இம்முறை சற்றே இளைப்பாற விட்டு, ஆங்கிலத்தில் பாடப்பெற்ற ஒரு நீண்ட பாட்டை நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது அன்பர்கள் சிலருக்கு வியப்பைத் தரலாம். சிலருக்கு முகச்சுளிப்பையும் தரலாம். அதுவும் எத்தகைய பாட்டு! மின்கிதாரின் உறுமலும் முரசங்களின் இடியும் கலந்து, வீட்டுப் பெரியவர்கள் ‘கதவையாவது சாத்திக்கொண்டு கேள்’ என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. ‘மெட்டல்’ என்று இளைஞர் வழங்கும் அவ்விசையின் ஒரு கிளைக்கு ‘புரோகிரசிவ் மெட்டல்’ என்று பெயர். ஒரே தாளத்தில் நில்லாமல், பகுதிக்குப் பகுதி நடை மாறி, கதை சொல்வது போல் விரிந்து செல்வது அக்கிளையின் இயல்பு.

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகளுள் சிலர், இப்பாட்டின் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இந்த வரி எதைக் குறிக்கிறது, முதலில் வந்த சொல் ஈற்றில் ஏன் மீண்டும் வருகிறது என்று மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள். நம் தமிழாசிரியர்கள் நமக்குக் கற்பித்த நயம் பாராட்டல் இதுவன்றி வேறென்ன? ‘மாமா, சத்தத்தைக் கேட்காதீங்க, சொல்லைக் கேளுங்க’ என்று அவர்களுள் ஒருவன் நம்மிடம் கூறினான். சொல்லைக் கேட்டோம். அடுத்து அவன் கேட்ட வினாதான் இக்கட்டுரைக்கு வித்து: ‘சாவை இப்படி நேருக்கு நேராகப் பார்த்துப் பேசுகிற நீண்ட பாட்டு நம்ம பாஷையில் உண்டா?’

உண்டு. அதுவும் தொலைவில் இல்லை. ஆயினும் முதலில் அவர்களது பாட்டுக்கு உரிய நீதியைச் செய்துவிடுவோம்.

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்ற மூன்று இளைஞர்கள் 1985ஆம் ஆண்டில் தொடங்கிய குழு, பின்னர் ‘டிரீம் தியேட்டர்’ என்று பெயர் பெற்றது. அம்மூவருள் முரசு வாசிப்பவரான மைக் போர்ட்னாய் எழுதியவை ‘எ சேஞ்ச் ஆப் சீசன்ஸ்’ என்னும் பாட்டின் சொற்கள். பாடியவர் ஜேம்ஸ் லாப்ரீ. 1989ஆம் ஆண்டிலேயே உருப்பெற்ற இப்பாட்டு, 1992இல் வந்த தொகுப்பில் இடம் பெறாது தள்ளிப்போய், 1995இல்தான் வெளிவந்தது. நீளம் 23 நிமிடம். ஏழு பகுதிகள். செங்கதிர் உதயத்தில் தொடங்கிச் செங்கதிர் மறைவில் முடிகிறது. இடையில் அறியாப் பருவம், இன்றைய நாளைப் பற்றிக்கொள்ளல், குளிர்காலத்தின் கடும் இருள், வேறோர் உலகம், தவிர்க்கவொண்ணாக் கோடை என்று நம் மொழியில் சொல்லத்தக்க ஐந்து பகுதிகள். ஒரு மனிதனின் வாழ்நாளை ஒரு பகற்பொழுதாகவும் ஓராண்டின் பருவங்களாகவும் ஒருசேர உருவகித்த அமைப்பு. பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்துக் கவிதை செய்த மரபில் வந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

போர்ட்னாய் தம் தாயை வானூர்தி விபத்தில் இழந்தவர். பாட்டின் உயிர்நிலை அதுவே. மூன்றாம் பகுதியில் தாய் பயணம் புறப்படுகிறாள். மகன் அவளை இறுகத் தழுவிக்கொள்கிறான். உள்ளே ஓர் அச்சம். அவள் இரவுக்குள் நடந்து செல்கிறாள். ஒருமுறை திரும்பி அவன் கண்ணைப் பார்க்கிறாள். அன்பைச் சொல்லி அவன் விடை கொடுக்கிறான். நிகழ்ந்தது இவ்வளவே. விபத்தைப் பாடகர் வருணிப்பதில்லை. ஆங்கிலத் திரைப்படப் பேச்சுத் துணுக்குகள் இடையிடையே ஒலித்துச் செய்தியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அடுத்து வரும் நான்காம் பகுதியில் சொல்லே இல்லை. கருவி இசை மட்டுமே. தாய் போன பின் மகனுக்கு வாய் அடைத்துப்போயிற்று என்பதை இதைவிட எப்படிக் காட்ட முடியும்? இளைஞர்கள் இவ்விடத்தைச் சுட்டிக் காட்டியபோது, நாம் ‘சத்தம்’ என்று ஒதுக்கிய இசைக்குள் மௌனத்தின் பயனை அறிந்த ஒருவர் இருக்கிறார் என்பது விளங்கிற்று.

தாயை இழந்த மகனின் குரல் நமக்குப் புதிதன்று. தாயின் ஈமத்தில் நின்று பட்டினத்தார் பாடியனவாக வழங்கும் பாடல்களைக் கேட்டு விழி நனையாத தமிழர் அரியர். சுமந்தவளை, ஊட்டியவளை, தோளிலும் மடியிலும் கிடத்தியவளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி எண்ணி, அவளுக்கோ நான் நெருப்பிடுவது என்று துறவியே கதறுகிறார். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. பட்டினத்தாருக்கு எதிரே உடல் கிடக்கிறது. அந்த உடலுக்குச் செய்ய வேண்டிய கடன் அவர் கையில் இருக்கிறது. அழுகை அக்கடனைச் செய்யும்போதே எழுகிறது. போர்ட்னாயின் மகனுக்கு அந்த இறுதிப் பார்வை ஒன்றே எஞ்சியது. அதனையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறான். புகைவண்டி நிலையத்திலும் திருவனந்தபுரம் விமான நிலையத்திலும் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று கையசைத்துப் பழகிய நம் குடும்பங்களுக்கு அப்பார்வை எத்தகையது என்று நாம் எழுத்தால் விளக்க வேண்டியதில்லை.

பாட்டின் குறை எதுவென்றால், அது தன் கருத்தை நம் கையில் திணித்துவிடுகிறது. நாளைப் பற்றிக்கொள், மலர் வாடுமுன் பறித்துக்கொள் என்னும் அறிவுரை பாட்டுக்குள் பலகாலும் ஒலிக்கிறது. மலர் பறிக்கும் அந்த உருவகம் இராபர்ட் எர்ரிக் என்னும் ஆங்கிலக் கவிஞருக்குரியது. 1648இல் அச்சேறிய கவிதையில் உள்ளது. இளமை நில்லாது, ஆகவே துய்த்துக்கொள் என்பது அதன் வாதம். நாலடியாரும் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்றே தொடங்குகிறது. ஆயின் அது வந்து சேருமிடம் வேறு. ‘ஆகவே அறம் செய்’ என்கிறது. முன்கூற்று ஒன்று, முடிவு இரண்டு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறோம். மூன்றாவது முடிவு ஒன்று வரவிருக்கிறது.

ஏழாம் பகுதியில் மகன் முதியவனாகிவிடுகிறான். தன் மகனுடன் அமர்ந்து மறையும் செங்கதிரைப் பார்க்கிறான். முன்பு தான் கேட்ட அறிவுரையை இப்போது தானே சொல்லி, அழாதே என்று தேற்றி, விடை பெறுகிறான். அன்று விடை கொடுத்தவன் இன்று விடை கேட்கிறான். சொற்கள் அவையே, சொல்பவர் மாறியதால் எடை கூடிவிட்டது. அறிவுரையின் மிகையை இந்த ஓர் இடத்திற்காக நாம் மன்னிக்கலாம்.

இனி நம் பாட்டுக்கு வருவோம்.

பாறசாலையிலிருந்து களியக்காவிளையைக் கடந்து தெற்கே சென்றால் தக்கலை வரும். அதனருகே உள்ளது கேரளபுரம். இன்னும் தெற்கே, நாகர்கோவிலை ஒட்டி, கணியாகுளம். முன்னது இரவிக்குட்டிப்பிள்ளை பிறந்த ஊர் என்பது வழக்கு. பின்னது அவர் வீழ்ந்த களம். வேணாட்டு மன்னனின் அமைச்சரும் படைத்தலைவருமாக இருந்த அவர், மதுரைத் திருமலை நாயக்கரின் தளபதி இராமப்பய்யன் நடத்தி வந்த பெரும்படையை 1635ஆம் ஆண்டில் எதிர்த்துப் பொருது மாண்டார். உடனிருக்க வேண்டியவர்கள் அவரைத் தனியே விட்டு விலகினர் என்று பாட்டு குற்றம் சாட்டுகிறது. ‘இரவிக்குட்டிப்பிள்ளை போர்’ என்றும் ‘கணியாகுளத்துப் போர்’ என்றும் வழங்கும் அக்கதைப்பாடல் தென்திருவிதாங்கூரின் வில்லுப்பாட்டு மேடைகளில் வாழ்ந்தது.

மூன்று நூற்றாண்டுகள் கழித்து இந்நிலத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. விளைவு என்ன? மலையாள இலக்கிய வரலாற்றில் இப்பாட்டு ‘தெக்கன் பாட்டுகள்’ என்ற தலைப்பின் கீழ் மதிப்புடன் இடம்பெறுகிறது. உள்ளூர் பரமேசுவர ஐயர் தம் ‘கேரள சாகித்திய சரித்திர’த்தில் இவ்வகைப் பாடல்களை எடுத்துப் பேசியிருக்கிறார். ஆனால் பாட்டின் தலைவன் பிறந்த ஊரும் இறந்த களமும் இன்று தமிழ்நாட்டில் உள்ளன. தமிழ் இலக்கிய வரலாற்றாரோ இதனை வரலாற்றுக் கதைப்பாடல்களின் வரிசையில் வைக்கின்றனர். அதே வரிசையில் ‘இராமப்பய்யன் அம்மானை’யும் இருக்கிறது. அங்கே இராமப்பய்யன் தலைவன்; இங்கே பகைவன். வென்றவனைப் பாடிய பாட்டும் தோற்றவனைப் பாடிய பாட்டும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பது நம் இலக்கியத்தின் பெருந்தன்மை என்றே நாம் கருதுகிறோம்.

பாட்டின் உச்சம் போர்க்களத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. படை திரண்டுவிட்டது. இரவிக்குட்டிப்பிள்ளை புறப்பட வேண்டும். தாயும் துணைவியும் தாங்கள் கண்ட தீக்கனவுகளைச் சொல்லி, போகாதே என்று தடுக்கின்றனர்.

புறநானூற்றைப் படித்தவர்க்கு இவ்விடம் ஓர் அதிர்ச்சி. அங்கே ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், தன் வீட்டு ஆடவரை அடுத்தடுத்த போர்களில் இழந்தவள். எனினும் முரசொலி கேட்டதும் எஞ்சிய ஒரே சிறுவனுக்கு எண்ணெய் தடவித் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். நச்செள்ளையார் காட்டும் முதியவள், களத்தில் சிதைந்து கிடந்த மகனின் உடலைக் கண்டு அவனை ஈன்ற நாளினும் பெரிது மகிழ்கிறாள். மேடைதோறும் நாம் முழங்கும் வீரத்தாயர் இவர்கள். முழங்குவது எளிது. கணியாகுளத்துப் பாட்டின் தாய் அனுப்பவில்லை, தடுக்கிறாள். அவளுக்கு மகன் வேண்டும். ‘மறக்குடி மகளுக்கு இது அழகா’ என்று நம் புலவர் பெருமக்கள் கேட்கக்கூடும். நமக்கோ, நாட்டார் பாடகர் அரசவையின் திசையிலிருந்து திரும்பி அடுப்படியின் பக்கம் ஒரு நாழிகை காது கொடுத்தார் என்றே தோன்றுகிறது. புறநானூற்றுத் தாயர் பொய்யர் அல்லர். ஆனால் அவர்கள் பேசாமல் விட்ட சொற்களும் சில இருந்திருக்கும் அல்லவா? அச்சொற்கள் தென்னாட்டு வில்லில் ஏறின.

கனவு சொல்லல் நம் காப்பிய மரபுக்குப் பழையது. கண்ணகி தன் தீக்கனவைத் தேவந்திக்குச் சொல்கிறாள். பாண்டிமாதேவி தன் கனவை மன்னனுக்குச் சொல்கிறாள். இரண்டும் பலித்தன. ஆகவே வில்லுப்பாட்டு கேட்க அமர்ந்த கூட்டத்துக்குக் கனவு தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிடும். தெரிந்தும் கேட்பது எதற்காக? தலைவன் என்ன மறுமொழி சொல்வான் என்பதற்காக.

அந்த மறுமொழியே இப்பாட்டின் மணிமுடி. அதை வரிவரியாக இங்கே தராமல் கருத்தை மட்டும் நம் சொல்லில் தருகிறோம். கடல்கள் அத்தனையும் தாண்டிப் போய், இரும்பால் அடைத்த அறைக்குள் ஒருவன் பதுங்கிக் கிடந்தாலும், நமனின் ஆட்கள் தேடி வருவர். அப்படிப்பட்டவன் இங்கே இல்லை என்று கதவண்டை நின்று யாரேனும் சொன்னால், நம்பித் திரும்பிப் போய்விடுவரா? இவ்வளவுதான். கனவு பொய் என்று அவன் சொல்லவில்லை. வெற்றியோடு மீள்வேன் என்று பொய்யான ஆறுதல் தரவில்லை. ‘நீங்கள் கண்டது நடக்கும், வீட்டில் இருந்தாலும் நடக்கும்’ என்பதே அவன் வாதத்தின் சாரம்.

இங்கே நயம் எங்கே உள்ளது என்று சற்று நின்று பார்ப்போம். வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் ‘அவர் வீட்டில் இல்லை’ என்று சொல்லி அனுப்புவது நாம் அனைவரும் அறிந்த உபாயம். கடன்காரனுக்குச் சொல்லுவோம், நன்கொடைப் புத்தகத்தோடு வருபவருக்கும் சொல்லுவோம். (சங்கத்தின் நிதிக்குழுவினர் பொறுத்தருள்க.) அந்த அற்ப உபாயத்தை எமனின் முன் கொண்டு போய் நிறுத்துகிறார் பாடகர். ஒருபுறம் ஏழு கடல், இரும்பறை என்று அச்சந்தரும் பெருங்காட்சி. மறுபுறம் வாசற்படியில் நடக்கும் சின்னஞ்சிறு பேச்சு. இரண்டும் மோதும் இடத்தில் கேட்பவன் வாயில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் உறைந்துபோகிறது. எர்ரிக்கின் மலரில் இது இல்லை. நாலடியாரின் அறிவுரையிலும் இல்லை.

மூன்றாவது முடிவு இதுவே. சாவு உறுதி, ஆகவே துய்த்துக்கொள் என்பது ஒன்று. சாவு உறுதி, ஆகவே அறம் செய் என்பது மற்றொன்று. சாவு உறுதி, ஆகவே ஒளியாதே என்கிறது நம் எல்லைநிலத்துப் பாட்டு. ஆங்கிலப் பாட்டின் மகன் தாய்க்கு விடை கொடுத்துவிட்டு வாழ்நாள் முழுதும் அதற்குப் பொருள் தேடுகிறான். இரவிக்குட்டி தாயிடம் விடை கேட்கிறான். பொருளை முன்னமே கண்டுவிட்டான். தேட அவனுக்கு நாளும் இல்லை. தாயின் பக்கமும் பாட்டில் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாவைப் பற்றி அவன் கூறியது மெய். அந்தப் போரைப் பற்றி அவள் கூறியதும் மெய். இரண்டு மெய்களையும் அருகருகே நிறுத்திவிட்டு, எது பெரிது என்று தீர்ப்புச் சொல்லாமல் பாடகர் களத்துக்குப் போய்விடுகிறார். டிரீம் தியேட்டர் தன் கேட்பவனை நம்பாமல் கருத்தைச் சொல்லிச் சொல்லிப் பதிக்கிறது என்றோம். இங்கே அந்தப் பதற்றம் இல்லை.

நெய்யாற்றின்கரையில் வாழும் நாம் இதனோடு வேறொரு கதையையும் சேர்த்தெண்ணாமல் இருக்க முடியாது. நம்மூர்க் கிருட்டிணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்னும் பழைய பலாமரத்தின் பொந்துடைய அடிமரம் பேணப்பட்டு வருகிறது. மார்த்தாண்ட வர்மர் எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்களுக்குத் தப்பி அப்பொந்துக்குள் ஒளிந்திருந்தார் என்பது செவிவழிச் செய்தி. ஒளிந்தவர் பிழைத்தார், 1729 முதல் 1758 வரை ஆண்டு திருவிதாங்கூரைப் பேரரசாக்கினார். இரவிக்குட்டி ஒளியவில்லை, தலை போயிற்று. இரும்பறை காக்காது என்று பாட்டு சொல்கிறது. பலாமரப் பொந்து காத்தது என்று ஊர் சொல்கிறது! கோயிலில் கைகூப்பும் அதே மக்கள்தாம் வில்லின் முன்னும் அமர்ந்து அந்த மறுமொழிக்குத் தலையாட்டியிருப்பர். அரசியலுக்குப் பொந்து வேண்டும், பாட்டுக்கு அது ஆகாது என்று அவர்கள் பிரித்தறிந்திருக்க வேண்டும். ஒளிந்து தப்பியவனைப் பற்றி ஐதிகம் எழும், மரத்துக்கு மதிப்பு வரும். நெஞ்சை அறுக்கும் பாட்டு எழுவது கடினம்.

பாட்டின் மொழியைப் பற்றி ஒரு சொல். அந்த மறுமொழியில் வரும் கடல், இரும்பு, அறை, தூதர், இல்லை என்னும் சொற்களைப் பாருங்கள். எவற்றைத் தமிழென்பது, எவற்றை மலையாளமென்பது? கோட்டுக்கு இருபுறத்தும் வழங்கும் பேச்சில் இவை பொதுச் சொத்து. தண்ணீரை வெள்ளம் என்றும், மெல்ல என்பதைப் பைய என்றும், நன்றாயிருக்கிறது என்பதைக் கொள்ளாம் என்றும் குமரி மாவட்டத்தார் சொல்லக் கேட்டு, வடக்கேயிருந்து வந்த நம் குடும்பத்தார் சிலர் நகைப்பதுண்டு. நகைக்க ஒன்றுமில்லை. அந்த நாவே இப்பாட்டைச் செய்தது. செந்தமிழாக்கித் திருத்திப் பதிப்பிக்க முனைந்தால் தாயின் குரல் தமிழாசிரியையின் குரலாகிவிடும். முற்றும் மலையாளமாக்கினாலும் அதே கேடுதான் நேரும்.

இது நம் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. பள்ளியில் மலையாளம் முதல்மொழி, ஆங்கிலம் அடுத்தது, தமிழ் எழுத்தைச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பாதி கற்று மறந்தவர்கள் அவர்களுள் மிகப் பலர். அவர்களிடம் புறநானூற்றைக் கொடுத்தால் உரையில்லாமல் ஓரடியும் நகராது. ஆனால் இரவிக்குட்டியின் மறுமொழியை வாய்விட்டுச் சொன்னபோது, முன்சொன்ன இளைஞன் அகராதியின்றி விளங்கிக்கொண்டான். ‘இது மலையாளம்தானே மாமா’ என்றான். அருகிலிருந்த நாகர்கோவில் அம்மையார், ‘எங்க வீட்டுத் தமிழாக்கும் மக்களே’ என்றார். இருவரையும் மறுக்க நமக்கு மனம் வரவில்லை, மறுக்கவும் வழியில்லை.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பாட்டை நடை மாறும் இசையாக வியக்கும் இளைஞர்கள் வில்லுப்பாட்டு மேடையை ஒருமுறை கூர்ந்து பார்த்தல் நலம். நீண்ட வில்லில் மணிகள் கட்டித் தொங்குகின்றன. வீசுகோல் நாணில் விழுந்தால் மணிகள் ஒருசேர அதிர்கின்றன. குடத்தின் வாயில் மட்டை மோதி எழும் ஆழ்ந்த ஒலி, உடுக்கையின் துடிப்பு, தாளம், கட்டை. கதை நகரும்போது ஒரு நடை, அழுகைக்கு ஒரு நடை, போருக்கு ஒரு நடை. பாடுவோர் ஒருவர் கேள்வியாக நிறுத்த, பின்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிச் சொல்லுவர். அறுபடாமல் இரவு முழுதும் செல்லும். அதன் முன் 23 நிமிடம் எம்மாத்திரம்! கோயில் கொடைகளில் இன்று ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு ஏறிவிட்டதாலும், பாடும் குழுக்கள் குறைந்துவிட்டதாலும், இந்நீண்ட கதைகளை முழுதாகக் கேட்பது அரிதாகி வருகிறது. அச்சுப் புத்தகத்தில் படித்து இப்பாட்டை மதிப்பிடுவது, டிரீம் தியேட்டரின் சொற்களைக் குறிப்பேட்டில் மட்டும் படித்து மதிப்பிடுவதற்குச் சமம். அந்தச் சொல்லற்ற நான்காம் பகுதி குறிப்பேட்டில் எங்கே இருக்கிறது?

போர்க்களப் பகுதியை நாம் விரிக்கப் போவதில்லை. படையெண்ணிக்கையும் வெட்டும் குத்தும் இவ்வகைக் கதைப்பாடல்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் வருவன. ஆனால் போர் முடிந்த பின் வரும் ஒரு நிகழ்ச்சியை விட்டுவிட முடியாது. வீழ்ந்தவனின் தலையைக் கொய்து பகைவர் பாசறைக்குக் கொண்டுபோகின்றனர். அவனிடம் அன்பு பூண்ட காளி நாயர் என்பவன், படையோ துணையோ இன்றி அப்பாசறைக்குள் புகுந்து, அத்தலையை மீட்டுக் கொண்டுவருகிறான். ஒளியாதே என்ற தலைவனின் சொல்லைக் கேட்டு அதன்படி நடந்தவன் பாட்டில் இவன் ஒருவனே எனலாம். தாய் கனவில் கண்டு அஞ்சியது மெய்யாகிவிட்டது. இனி அவளுக்குச் செய்யத்தக்கது ஒன்றே ஒன்று, மகனின் முகத்தை அவன் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது. ஆங்கிலப் பாட்டின் மகனுக்கு வாய்க்காததும் பட்டினத்தாருக்கு வாய்த்ததும் அதுவே. அந்தத் தலையைச் சுமந்துகொண்டு காளி நாயர் கணியாகுளத்திலிருந்து வடக்கு நோக்கி நடந்த வழியில் அன்று எந்த எல்லைக் கல்லும் இல்லை.